பதினோராம் மாடியில் கேட்ட காலடி

நான்கு மணிக்கு அக்கா வந்துவிடுவாள். அவன் மகள் தாமியைக் கூட்டிக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் தன் ஊரான தோங்யோங்குக்குப் போய்விடுவாள். போனால் திரும்பி வர ஒரு வருடம்.

சுங்தேக் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பத்து.

ஹாலில் நீலப் பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்குள் போக வேண்டிய துணிகள் பின் பால்கனியில், டிரையருக்குள் ஈரத்தோடு கிடந்தன. புசானில் ஒன்பது நாளாக மழை. கொடியில் போட்டால் காய்வதற்கு முன் பூஞ்சை பூத்துவிடும். டிரையரோ காலையில் சுவிட்சைப் போட்டதுமே கழுத்தைத் திருகிய வாத்து மாதிரி கத்த ஆரம்பித்திருந்தது.

"எத்தன நாளா இந்தக் கத்தல்?"

கேட்டவள் மிரான். சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு வீட்டு மெஷின்களைப் பழுது பார்ப்பவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் கருவிப் பெட்டி, இன்னொரு கையில் பாதி கடித்த கிம்பாப் சோற்றுச் சுருள். மதியச் சாப்பாட்டை லிப்ட்டிலேயே முடித்துக்கொள்கிற அவசரக்காரி.

"ஒரு வாரமா. இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி."

"ஒரு வாரம் காதுல பஞ்சு வச்சிருந்தீங்களா?"

"நாலு மாசமா வச்சிருக்கேன். அது வேற விஷயத்துக்கு."

மிரான் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். சுவரிலிருந்து சுவர் வரை நான்கு சென்டிமீட்டர் தடிமனில் மெத்தை விரிப்பு. "ஜூடோ வகுப்பு எடுக்கறீங்களா தாமி அப்பா?"

அவன் பதில் சொல்வதற்குள், ஆறு வயது தாமி சமையலறையிலிருந்து பார்லி டீ கொண்டுவந்தாள். மெத்தையின் மேலும் குதிகால் படாமல், நுனி விரல்களில் நடந்து வந்தாள். கோப்பையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. பழகிய கால்.

"பாப்பாவுக்குக் கால்ல அடியா?"

"இல்ல. கீழ் வீடு," என்றான் சுங்தேக்.

அடுக்குமாடியில் பிழைப்பு நடத்தும் மிரானுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். உச்சுக் கொட்டிவிட்டுப் பின் பால்கனிக்குப் போனாள்.

பிப்ரவரியில்தான் இந்த 1203-க்குக் குடி வந்தார்கள். தாமியின் அம்மாவுக்குக் கம்பெனி மூன்று வருட வேலை கொடுத்து வியட்நாமுக்கு அனுப்பிவிட்டது. பேய் நடமாடாத நல்ல நாள் என்று பஞ்சாங்கம் பார்த்து அக்கா மால்சுன்தான் தேதி குறித்தாள். ஊரே அந்த நாளில்தான் வீடு மாறியது. சாமான் ஏற்றி வந்தவர்கள் அன்றைக்கு நாலாவது வீடு இது என்று சொல்லி, எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் அழைப்பு மணி அடித்தது. நேர் கீழே இருக்கும் 1103-இன் பியோ கும்வா. அறுபத்தோரு வயது. முப்பது வருடம் ஒரு பள்ளி விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். குழந்தை ஓடுகிறது என்றாள். சுங்தேக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். மறுநாள் ஒரு பெட்டி பேரிக்காயோடு போய் இன்னொரு முறை குனிந்தான்.

பேரிக்காய் தீருவதற்குள் மணி மறுபடி அடித்தது. பிறகு லிப்ட்டில் புகார்க் காகிதம் ஒட்டினாள். பிறகு ரப்பர் சுத்தியல் வாங்கி வந்தாள். மாலையானால் காலுக்குக் கீழே தொம், தொம் என்று தரையே இடிபடும். அவன் மெத்தை வாங்கினான். தடிச் செருப்பு வாங்கினான். தாமியை நுனிக்காலில் நடக்கப் பழக்கினான்.

ஏப்ரலில் ஒரு மாலை, வேலை முடித்து வந்த எரிச்சலில், துணியை டிரையரில் போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தான். கீழே சுத்தியல் கேட்டது. வெளியே வந்து தாமியை முட்டிபோட வைத்து, இரண்டு கையையும் தூக்கி நிற்கச் சொன்னான்.

"நான் ஓடலப்பா."

"பொய் வேறயா?"

கையை இறக்காமல் அரைமணி நேரம் நின்றாள். அதற்கப்புறம் அவள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

போன திங்கட்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் கும்வா எழுந்து நின்று, ஒரு நோட்டிலிருந்து சில வரிகளைப் படித்துக் காட்டி, குழந்தையை அடக்கத் தெரியாதவர்கள் தரைத்தளத்துக்குப் போகட்டும் என்றாள். பதினேழு பேர் கையைத் தூக்கினார்கள். அன்று இரவே அக்காவுக்குப் போன் செய்துவிட்டான். அங்கே அவளுக்கு மண்தரை முற்றம் இருக்கிறது. ஓடினால் கேட்க ஆளில்லை.

பின் பால்கனியில் மிரான் மேல்மூடியையும் முன்தகட்டையும் கழற்றி, பெல்ட்டை நழுவ விட்டு, துணி சுழலும் உருளையை அலாக்காகத் தூக்கி வெளியே வைத்திருந்தாள்.

"இங்க வாங்க. உருளைய நாலு சின்னச் சக்கரம் தாங்குது. மூணு சக்கரம் புதுசு மாதிரியே இருக்கு. இத பாருங்க."

வலது பின் சக்கரத்தின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, உள்ளிருந்த இரும்பு எட்டிப் பார்த்தது.

"மாத்திட்டா சரியாயிடுமா?"

"கத்தல் நிக்கும். ஆனா ஒண்ணு மட்டும் ஏன் தேயுதுங்கறது என் மண்டைல உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது."

இருபது நிமிடத்தில் புதுச் சக்கரம் ஏறியது. பெல்ட் மாட்டினாள், தகடுகளை மூடினாள், துணியைப் போட்டு ஓடவிட்டாள். வாத்து செத்துவிட்டது. மெல்லிய உறுமல் மட்டும். பால்கனிக் கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை.

"துணி எடையோட அஞ்சு நிமிஷம் ஓடட்டும்," என்று ஹாலுக்கு வந்து, சோபாவில் தாமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாமி காலை மடக்கி வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் பேசவில்லை. அசையவும் இல்லை.

தொம். தொம். தொம்.

கீழேயிருந்து சுத்தியல்.

தாமியின் கையிலிருந்த ஆரஞ்சு உருண்டது. அவள் அப்பாவைப் பார்த்த பார்வை மிரானுக்குப் பிடிக்கவில்லை.

"யாரு ஓடினா?" என்றாள் மிரான்.

"யாரும் ஓடல," என்றான் சுங்தேக். "அந்தம்மாவுக்கு வியாதி. தெனமும் இதே கூத்து."

"வியாதியான்னு பாத்துடலாம்." எழுந்து போய் டிரையரை நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் சுத்தியல் நின்றது. சுவிட்சைப் போட்டாள். ஒரு நிமிடம். தொம், தொம். நிறுத்தினாள். அமைதி. மறுபடி போட்டாள்.

தொம்.

"தாமி அப்பா," மிரானின் குரல் தணிந்தது. "கீழ் வீட்டம்மா பொய் சொல்லல. உங்க பொண்ணும் ஓடல."

சுங்தேக் திரும்பித் தாமியைப் பார்த்தான். முட்டிபோட்ட இரண்டு சின்னக் கால்கள் கண்முன் வந்தன.

அழைப்பு மணி அலறியது. ஒரு முறை அல்ல. விரலை எடுக்காமல்.

கதவைத் திறந்தான். கும்வா நின்றாள். வலது கையில் ரப்பர் சுத்தியல். இடது அக்குளில் தடித்த நோட்டு.

"பட்டப்பகல்லயே ஆரம்பிச்சாச்சா? ஊருக்கு அனுப்பறேன்னு சொன்னே, போற அன்னிக்கும் ஆடிட்டுத்தான் போகணுமா உன் பொண்ணு?"

"நீ வா போன்னு பேசாதீங்க."

"உன்னவிட இருபத்திரண்டு வயசு பெரியவ நான்."

"வயசு உங்களுக்கு மட்டும். மரியாதை ரெண்டு பேருக்கும்."

"ஓ, மரியாதை. தலைமேல குதிரப் பந்தயம் விடறவனுக்கு மரியாதை." நோட்டை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். "எல்லாம் எழுதி வச்சிருக்கேன். தேதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடினா, எல்லாம். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் இது நிக்கும்."

"குடுங்க," என்று மிரானின் கை நடுவில் புகுந்து நோட்டை வாங்கிக்கொண்டது.

"நீ யாருடி?"

"மெஷின் பாக்க வந்தவ. சண்ட உங்களோடது. நோட்ட பாத்துட்டுத் தந்துடறேன்." பிறகு சுங்தேக்கிடம், "உங்க போன்ல டிரையரோட ஆப் இருக்குல்ல? எந்தெந்த நாள் எத்தன மணிக்கு ஓடிச்சுன்னு காட்டும். தெறங்க."

வாசலிலேயே நின்று ஒப்பிட்டார்கள். விடுதிக் காப்பாளர் கையெழுத்து, அச்சடித்தது போல இருந்தது. மே மூன்று, மாலை 7.05 முதல் 8.10 வரை, ஓட்டம். போனில் 7.03 முதல் 8.12. மே ஆறு, 6.30. போனில் 6.29. மிரான் விரலை ஓட்ட ஓட்ட ஒவ்வொரு வரியும் போனோடு ஒட்டிக்கொண்டது.

சுங்தேக் பக்கத்தைப் பின்னால் புரட்டினான். ஒரு வரியில் நின்றான்.

*மார்ச் 10. மாலை 6.40 – 7.50. குழந்தை ஓட்டம், குதிப்பு. பொறுக்க முடியவில்லை. மேலே போய் மணி அடித்தேன். உள்ளே ஒளிந்துகொண்டு திறக்கவில்லை.*

"இத படிங்க," என்று கும்வாவின் கையில் நோட்டைக் கொடுத்தான். குரல் அவனுடையது போலவே இல்லை. "சத்தமா."

"எதுக்கு?"

"மார்ச் ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எம் பொண்ணு ஆஸ்பத்திரில. நிமோனியா. பத்தாந்தேதி சாயங்காலம் நான் வந்து அவ துவைச்ச போர்வையெல்லாம் டிரையர்ல போட்டு, ஸ்டார்ட் பண்ணிட்டு அப்பவே திரும்பிப் போயிட்டேன். வீட்ல ஒரு உசிர் இல்ல. யாரு ஒளிஞ்சாங்க? யாரு குதிச்சா?"

கும்வாவின் உதடு அசைந்தது. "தேதி மாத்தி எழுதியிருப்பேன்."

"முப்பது வருஷம் விடுதில ஒரு நாளாவது தேதி மாத்தி எழுதினீங்களா?"

கும்வா சுத்தியலை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"சரி, மெஷின்னே இருக்கட்டும். சத்தம் நிஜந்தானே? நாலு மாசமா நான் பைத்தியம்னு லிப்ட்ல முதுகுக்குப் பின்னாடி பேசினீங்களே. நான் பைத்தியமா?"

"சத்தம் நிஜம்," என்றான் சுங்தேக். "அத ஒரு குழந்தை தலைல போட்டீங்க பாருங்க, அது..."

"நீ போடலயா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது.

"ரெண்டு பேரும் அப்பறம் கடிச்சுக்கங்க," என்றாள் மிரான். "எனக்குக் கீழ ஒரு காது வேணும். இந்த மெஷின் நிக்கற எடத்துல சத்தம் போடல, கீழ எறங்கித்தான் போடுது. தாமி அப்பா, போனோட கீழ போங்க. நான் இங்க மெஷின நிறுத்திட்டு ஒவ்வொண்ணா செய்றேன். எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க."

"இவன் என் வீட்டுக்குள்ள கால் வைக்கறதா?"

"நாலு மாசமா உங்க தலைமேலதான வச்சிருக்கோம்," என்றான் சுங்தேக், செருப்பை மாட்டிக்கொண்டே.

1103-இன் ஹாலில் படுக்கை கிடந்தது. படுக்கையறை, டிரையருக்கு நேர் கீழே இருக்கும் பால்கனியை ஒட்டி. அங்கே தூங்க முடியாமல் ஒருத்தி ஹாலுக்கு ஓடி வந்திருக்கிறாள். கூரையில் ஒட்டிய காகிதத்தில் ரப்பர் சுத்தியலின் வட்டத் தழும்புகள், பத்து, இருபது, எண்ண முடியவில்லை. ஜன்னலோரம் காதடைப்பான் பெட்டி. சுங்தேக் எதையும் பார்க்காததுபோல் பார்த்தான்.

"அங்க நில்லு. எதையும் தொடாத," என்றாள் கும்வா.

"தொடற மாதிரி இங்க ஒண்ணுமில்ல." போனை ஸ்பீக்கரில் போட்டான். "மிரான் அம்மா, போடுங்க."

மேலே சுவிட்ச் விழுந்தது.

தம்.

தம். தம்-தம்.

அவன் அண்ணாந்து பார்த்தான். குதிகால் சத்தமேதான். வேறு எதுவும் இல்லை. ஒரு குழந்தை சமையலறையிலிருந்து ஹாலுக்கு ஓடி, நின்று, ஒரு குதி குதித்து, திரும்பி ஓடுகிறது. போனில் தாமியின் குரல் தெளிவாகக் கேட்டது, மிரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளைகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏழு, எட்டு. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தெரியும். தெரிந்தும், "தாமி, ஓடாத," என்று கத்த அவன் வாய் திறந்துவிட்டது. கடைசி நொடியில் கடித்து நிறுத்தினான்.

கும்வா அதைப் பார்த்துவிட்டாள். "இப்ப தெரியுதா?"

தெரிந்தது. அதைச் சொல்லி அவளை ஜெயிக்கவிட அவனுக்கு மனமில்லை.

"முன் இடது மூலைய கடப்பாறையால தூக்கறேன்," போனில் மிரான்.

தம். தம்-தம்.

"கேக்குது."

"முன் வலது."

"கேக்குது."

"பின் வலது."

நின்றது. கத்தரித்ததுபோல் நின்றது. கும்வா மூச்சை உள்ளிழுக்கும் ஓசை அறையில் பெரிதாகக் கேட்டது.

"நின்னுடுச்சு," என்றான்.

"அதானே பாத்தேன். தேஞ்ச சக்கரம் இருந்த அதே மூலை. மெஷின் அந்தப் பக்கம் சாஞ்சு நிக்குது, அதான் எடையெல்லாம் அது மேல. மூணு காலு தரைல, ஒரு காலு அந்தரத்துல. உருளை சுத்தச் சுத்த அந்தக் காலு காங்கிரீட்ட குத்திக்கிட்டே இருந்திருக்கு. இருங்க, அடில என்னமோ இருக்கு." ஒரு முனகல். ஏதோ இழுபட்டது. "செவப்புத் துணிப் பொட்டலம். உள்ள செம்பயறு. பாதி பொடியாயிடுச்சு. யாரு வச்சது இத?"

போனில் திடீரென்று மூன்றாவது குரல் புகுந்தது.

"அத எடுக்காதீங்க. அது நான் வச்சது."

அக்கா மால்சுன். மணி மூன்று ஐம்பது. பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

"வீடு மாறின அன்னிக்கு வச்சேன். கெட்டது எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு வீட்டோட ஒவ்வொரு மூலைக்கும் ஒண்ணு. இறக்குற ஆளு மெஷினத் தூக்கினப்ப அடில தள்ளிட்டேன், யாரு கண்லயும் படாம இருக்கணும்ல."

"பயறு மேல நிக்க வச்சு மட்டம் பாத்துட்டுப் போயிருக்கான் சாமான் இறக்கினவன்," என்றாள் மிரான். "ஏத்தி எறக்கற அவசரம், குனிஞ்சு பாத்திருக்க மாட்டான். அப்பறம் பயறு நசுங்கிப் போச்சு, காலு தொங்கிப் போச்சு. அக்கா, நீங்க விரட்டின கெட்டதெல்லாம் கீழ் வீட்டுக்குப் போயிருக்கு."

"அப்ப நான் அடிச்சதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கு," என்றாள் கும்வா, யாரிடமும் இல்லாமல்.

மேலே மிரான் பொட்டலத்தை எடுத்தாள், மெஷின் காலைத் திருகி இறக்கினாள், மட்டம் பார்த்து, பூட்டு நட்டை இறுக்கினாள். பிறகு ஓடவிட்டாள். கீழே இருவரும் அண்ணாந்து நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு. மழை ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"சரி," கும்வா கதவைக் காட்டினாள். "வேல முடிஞ்சுதுல்ல. கெளம்பு."

"முடியல." சுங்தேக் நகரவில்லை. "மிரான் அம்மா, தாமிகிட்ட போனக் குடுங்க. அக்கா, அந்த ஹால் மெத்தைய சுருட்டு. பூரா சுருட்டு."

"என்ன பண்ணப் போற நீ?" என்றாள் கும்வா.

"அப்பா?" தாமியின் குரல், வழக்கம்போல் பாதிச் சத்தத்தில்.

"தாமி, ஏப்ரல்ல நீ ஓடலன்னு சொன்னே. நான் பொய்யின்னேன். நீ சொன்னதுதான் நிஜம். நாந்தான் தப்பு."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள்.

"ஆமா. இப்ப ஓடு. சமையல்கட்டுலேர்ந்து ஹால் வரைக்கும்."

"கீழ் வீட்டம்மா திட்டுவாங்க."

"நான் அவங்க வீட்லதான் நிக்கறேன். ஓடு."

இருவரும் காத்திருந்தார்கள். கூரையில் எதுவும் இல்லை.

"ஓடறியா?"

"ஓடிட்டேன்பா. ரெண்டு தடவ."

நுனிக்கால். ஓடச் சொன்னாலும் நுனிக்காலில்தான் ஓடுகிறாள். சுங்தேக் பல்லைக் கடித்துக்கொண்டான். கும்வா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"குதிகால வச்சு ஓடுமா. நல்லா அழுத்தி."

முதலில் ஒன்று. பட். பிறகு தயங்கி இன்னொன்று. பிறகு பட், பட், பட், பட் என்று கூரையின் குறுக்கே விரைந்து போனது. இலேசான, அவசரமான சத்தம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பழக்கமான அந்தத் தம்முக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சுவர்வரை போய், திரும்பி வந்தது.

கும்வாவின் கழுத்து அந்த ஓசையோடு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் திரும்பியது.

"இது..." என்றாள்.

"இதுதான் எம் பொண்ணு. நாலு மாசத்துல இன்னிக்குத்தான் மொதல் தடவ கேக்கறீங்க."

"போதும், நிறுத்தச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

அவன் படுக்கைமேல் கிடந்த பேனாவை எடுத்து அவள் முன் நீட்டினான். "எழுதுங்க. நாலு மணி அஞ்சு நிமிஷம். குழந்தை ஓடினா."

"எனக்கு உத்தரவு போடறியா?"

"திங்கக்கிழமை பதினேழு பேருக்குப் படிச்சுக் காட்டினீங்கல்ல. அந்த நோட்டுல ஒரு வரியாவது உண்மையா இருக்கட்டும். அடுத்த கூட்டத்துல இதையும் படிப்பீங்க."

"மன்னிப்பெல்லாம் என்கிட்ட எதிர்பாக்காத."

"எனக்கு வேணாம். அவகிட்ட கேக்கறதா இருந்தா மேல வந்து கேளுங்க. கதவு தெறந்துதான் இருக்கும்."

கும்வா அவனை முறைத்தாள். சுத்தியலைப் படுக்கைமேல் போட்டாள். பேனாவை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ராத்திரி ஒன்பதுக்கு மேல ஓடினா தட்டுவேன்," என்றாள், நோட்டைப் பிரித்துக்கொண்டே.

"தட்டுங்க. அப்ப அது நாங்கதான்."

போனில் அக்கா கேட்டாள். "டேய், மணியாச்சு. துணி காஞ்சிடுச்சு. பைக்குள்ள அடுக்கவா?"

"அலமாரில அடுக்கு," என்றான் சுங்தேக்.

கும்வா அச்சடித்தது போன்ற கையெழுத்தில் தேதியை எழுதி முடித்து, நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்தாள். மேலே தாமி மறுபடி சமையலறைப் பக்கம் திரும்பி ஓடினாள்.